லைசின் என்ற அமினோ அமிலத்துக்கு மூன்று பி.கே.ஏ. மதிப்புகள் (ஒரு தொகுதி பாதி அளவு புரோட்டானை விட்டிருக்கும் பி.எச்.) உள்ளன; ஐசோஎலக்ட்ரிக் புள்ளி (மொத்த மின்சுமை சுழியாகும் பி.எச்.) காண எந்த இரண்டை எடுப்பது? ஹிஸ்டிடினுக்கும் புரதத்துக்கும் எப்படி?

நீங்கள் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிப்பவர், இன்டர்னல் தேர்வு நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். வேறு யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். பதில்: 8.95, 10.53 இரண்டையும் எடுங்கள். சராசரி 9.74. அவசரம் என்றால் இதோடு போய்விடலாம். எனக்கு இந்தக் கணக்கின் மேல் பழைய கோபம் ஒன்று இருக்கிறது, நீளமாகத்தான் எழுதுவேன்.

எந்த இரண்டு என்று மனப்பாடம் செய்யாதீர்கள். லைசினை நல்ல அமிலக் கரைசலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மின்சுமையை எண்ணுங்கள். கார்பாக்சில் தொகுதியில் புரோட்டான் இருக்கிறது, அதன் சுமை சுழி. இரண்டு அமினோ தொகுதிகளும் (ஒன்று ஆல்ஃபா, மற்றது பக்கச் சங்கிலியில்) நேர்மின்சுமையோடு நிற்கின்றன. மொத்தம் +2. பி.எச். 2.18-ஐத் தாண்டினால் கார்பாக்சில் புரோட்டானை விட்டுவிடும், மொத்தம் +1. 8.95-ஐத் தாண்டினால் ஆல்ஃபா அமினோ தொகுதியும் விடும், மொத்தம் சுழி. 10.53-க்கு மேல் பக்கச் சங்கிலியும் விட்டு −1 ஆகும். சுழியாக நிற்கும் வடிவத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பி.கே.ஏ., அந்தப் பக்கம் ஒரு பி.கே.ஏ. அந்த இரண்டின் சராசரிதான் விடை. அஸ்பார்டிக் அமிலம் +1-இல் தொடங்குவதால் 1.88-க்கும் 3.65-க்கும் நடுவிலேயே சுழி வந்துவிடும், 2.77. கிளைசினில் இருப்பதே 2.34, 9.60 என்ற இரண்டுதான், 5.97. அங்கே குழப்பத்துக்கே இடமில்லை, தொல்லை தொடங்குவதும் அங்கேதான். கிளைசினுக்குச் சொன்ன சூத்திரத்தை அப்படியே தூக்கி லைசின் தலையில் வைத்துவிடுகிறார்கள்.

நான் பகலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மாலையில் தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுபவரின் மகள் ஒருத்தி என்னிடம் படித்தாள். ஒருநாள் விடைத்தாளைக் கொண்டுவந்து எதுவும் பேசாமல் நீட்டினாள். லைசினுக்கு 9.74 என்று படிப்படியாக எழுதியிருக்கிறாள். அதன் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு, ஓரத்தில் 5.57 என்று "சரியான" விடை. 2.18-ஐயும் 8.95-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறார்கள். காரத்தன்மை கொண்ட அமினோ அமிலத்துக்கு ஏழுக்குக் கீழே ஐசோஎலக்ட்ரிக் புள்ளி! திருத்தியவருக்கு அந்த ஒரு எண்ணைப் பார்த்ததுமே உறுத்தியிருக்க வேண்டும்.

"விடுங்க அக்கா, ரெண்டு மார்க்குதானே" என்றாள். நான் விடவில்லை. கல்லூரி விஷயத்தில் டியூஷன் எடுப்பவளுக்கு என்ன வேலை என்று சிலர் இங்கேயே கேட்பீர்கள். நான் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. அவளைக் கரும்பலகை முன் நிறுத்தி, 9.74-இல் ஒவ்வொரு தொகுதியிலும் எவ்வளவு சுமை இருக்கிறது என்று ஹெண்டர்சன்–ஹேசல்பால்க் சமன்பாட்டைக் கொண்டு போடச் சொன்னேன், அவ்வளவுதான். கார்பாக்சில் முழுதாக −1. ஆல்ஃபா அமினோ தொகுதியில் புரோட்டானோடு இருப்பது 0.14 பங்கு. பக்கச் சங்கிலியில் 0.86 பங்கு. இரண்டையும் கூட்டினால் 1. மைனஸ் ஒன்றும் பிளஸ் ஒன்றும் அடிபட்டுச் சுழி. பிறகு 5.57-ஐப் போட்டாள். கார்பாக்சில் −1, அமினோ தொகுதிகள் இரண்டும் ஏறக்குறைய முழு +1, மீதி +1. சாக்பீஸைக் கீழே வைக்காமலே சிரித்துவிட்டாள்.

அந்தக் கணக்கைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு மறுநாள் அவளே ஆசிரியரிடம் போனாள். இரண்டு மதிப்பெண் கிடைத்தது, "மற்றவர்களிடம் சொல்லாதே" என்ற நிபந்தனையோடு. அந்த வகுப்பில் 9.74 எழுதி அடி வாங்கிய மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள்? இதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

     

புரதத்துக்கு வருகிறேன். அங்கே இரண்டு எண்ணின் சராசரி செல்லாது. சங்கிலியின் இரு முனைகள், அஸ்பார்டிக், குளூட்டாமிக், சிஸ்டீன், டைரோசின், லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் எத்தனை என்று எண்ணி, ஒரு பி.எச்.-இல் எல்லாவற்றின் சுமையையும் கூட்டுங்கள். 7-இல் தொடங்கலாம். கூட்டுத்தொகை நேர்மின்சுமையாக வந்தால் 10.5-க்குப் போங்கள், எதிர்மின்சுமையாக வந்தால் 3.5-க்கு. இப்படியே இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்தால் பதினொரு படியில் இரண்டு தசம இடம் வரை வந்துவிடும். எக்ஸ்பாசி தளத்தின் புரோட்பாரம் கருவியில் அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் நொடியில் சொல்லிவிடும். ஆனால் கருவிக்குக் கருவி பி.கே.ஏ. அட்டவணை வேறு, அதனால் விடையும் சற்று வேறுபடும். மடிந்து நிற்கும் புரதத்துக்குள் ஒரு தொகுதியின் பி.கே.ஏ. அக்கம்பக்கத்தைப் பொறுத்து நகரும். பாஸ்பேட் ஒட்டினால் புள்ளி கீழே இறங்கும். கணக்கில் வருவது மதிப்பீடுதான். "ஆய்வகத்தில் வேறு எண் வருகிறதே" என்று என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

இதெல்லாம் வெறும் தேர்வுக் கணக்கு என்பவர்களுக்கு: பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி 4.6; அங்கே சுமை சுழியாவதால் அது ஒன்றையொன்று விலக்காமல் திரண்டுவிடும். உறை ஊற்றிய பாலின் பி.எச். 6.6-லிருந்து அதை நோக்கி இறங்குவதால்தான் தயிர் தோய்கிறது. கதிர் அரிவாள் ரத்தசோகையில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்துக் குளூட்டாமிக் அமிலம் வாலினாக மாறுகிறது. எதிர்மின்சுமை ஒன்று குறைவதால் புள்ளி சுமார் 0.2 மேலே ஏறும். மின்புலத்தில் அது வேறாக நகர்வதைப் பார்த்துத்தான் 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் அதை மூலக்கூறு நோய் என்றார்கள்.

ஹிஸ்டிடினும் லைசினைப் போல +2-இல்தான் தொடங்கும். 1.82, 6.00, 9.17 ஆகியவற்றில் பின்னிரண்டை எடுங்கள், 7.59. உங்கள் வினாத்தாளில் பி.கே.ஏ. மதிப்புகள் சற்று மாறியிருந்தால் அவற்றையே போடுங்கள், நான் சொன்னவற்றை அல்ல.