கணினியின் நீர்த்தொட்டியை எங்கே பொருத்துவது?

கேள்வி: கணினியைத் தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்கும் அமைப்பைப் பொருத்துகிறேன். கேசிங்குக்குள் இடம் போதாததால் தொட்டியை அடியிலும் பம்பியை அதற்கு மேலேயும் பொருத்தினேன். பம்பி கரகரக்கிறது. பெரிய தொட்டி வாங்கினால் சூடும் குறையுமா? கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி ஊற்றலாமா? (வாசகர், கல்லடி, மட்டக்களப்பு)

பதில்: முதலில் பம்பியை நிறுத்துங்கள். இந்தச் சிறிய பம்பிகளுக்குத் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் வலு இல்லை; தம்மிடம் வந்து சேர்வதைத் தள்ள மட்டுமே முடியும். உள்ளே சுழலும் பகுதி தேயாமல் காப்பதும் அந்தத் தண்ணீர்தான். காற்றைக் குடித்தபடி ஓடினால் முதலில் சத்தம் வரும், பிறகு பம்பியே போய்விடும். தொட்டியின் வெளிவாய் பம்பியின் உள்வாய்க்கு மேலே இருக்க வேண்டும். இடைக் குழாய் குட்டையாக இருக்கட்டும். இடம் நெருக்கடி என்றால் பம்பியும் தொட்டியும் ஒன்றாக வருவதை வாங்குங்கள். உங்களுக்கு அதுவே பொருத்தம்.

பெரிய தொட்டியால் சூடு ஏறுவது தாமதமாகும், குறையாது. சூட்டை வெளியேற்றுவது ரேடியேட்டர். சூடான கச்சான் காற்று வீசும் நாளில் அறை 33 பாகையில் இருந்தால், தண்ணீரும் அதற்குக் கீழே இறங்காது.

கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர் உங்களுடையது; கரைந்த உப்பைச் சாதாரண வடிகட்டி பிடிக்காது. காய்ச்சி வடித்த நீரில் கணினிக்கென்றே விற்கும் அரிப்புத் தடுப்பியையும் பாசித் தடுப்பியையும் கலந்து ஊற்றுங்கள். செம்புப் பாகங்களோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள்.

நிரப்பும்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். மின்வழங்கியை மதர்போர்ட் முதலிய எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிட்டு, பம்பிக்கு மட்டும் இணைப்புக் கொடுங்கள். மின்வழங்கியை இயக்க, அதன் 24 முள் இணைப்பில் செருகும் சோதனைச் செருகி ஒன்று போதும். தொட்டியை முக்கால்வாசி நிரப்பிச் சில விநாடிகள் ஓடவிடுங்கள். மட்டம் வெளிவாயை நெருங்குமுன் நிறுத்தி, மீண்டும் ஊற்றுங்கள். மட்டம் இறங்காமல் நின்றதும், கேசிங்கை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்லச் சரியுங்கள். ரேடியேட்டரின் மூலையில் ஒளிந்திருக்கும் காற்று குமிழியாகத் தொட்டிக்கு வந்து சேரும். மேலே ஒரு விரலளவு காலியாக விடுங்கள், சூட்டில் நீர் விரியும்.

அக்ரிலிக் தொட்டியின் குழாய் மூட்டுகளைக் கையால் முறுக்கினாலே போதும். சாவி (ஸ்பேனர்) போட்டால் திருகுப்புரியில் வெடிப்பு விழும். ஸ்பிரிட்டால் துடைத்தாலும் அதே கதிதான். கடைசியாக, ஒவ்வொரு மூட்டின் கீழும் டிஷ்யூ தாள் வைத்து, பம்பியை மட்டும் ஒரு நாள் ஓடவிடுங்கள். தாள் நனையாவிட்டால் மற்ற இணைப்புகளைக் கொடுக்கலாம்.