வாசகர் கேள்வி பதில்: டீயில் அடிக்கிறான், மேட்சில் கோட்டை விடுகிறான்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். 11 வயது மகன் லிட்டில் லீக் என்ற சிறுவர் போட்டியில் பேஸ்பால் ஆடுகிறான். கராஜில் வலை கட்டிக் கொடுத்திருக்கிறேன், தினமும் டீ ஸ்டாண்டில் (பந்தை அசையாமல் தாங்கி நிற்கும் கம்பம்) பந்தை வைத்து நூறு முறை அடிக்கிறான், அதில் குறையே சொல்ல முடியாது. மேட்சில் மட்டும் பந்து போன பிறகுதான் பேட் வருகிறது. நான் ஊரில் கிரிக்கெட் ஆடியவன் என்பதால் "முழங்கையைத் தூக்கு, நேர் பேட்டில் ஆடு" என்று சொல்லித் தருகிறேன். கோச் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. எந்தப் பயிற்சி கொடுத்தால் ஸ்விங் சரியாகும்?

பதில்: முதல் வேலையாக அந்த முழங்கை உபதேசத்தை நிறுத்துங்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டு எழும்பி வரும், ஸ்டம்பைக் காக்க வேண்டும், அதற்குத் தட்டையான பேட்டை நேராக இறக்குவது சரி. பேஸ்பாலில் பந்து தரையில் படாமலே வருகிறது, அதுவும் பந்தை எறியும் பிட்ச்சர் நிற்கிற மேட்டிலிருந்து லேசாகக் கீழிறங்கி. பேட் உருண்டை. அதனால் பந்து வரும் பாதைக்குள் பேட் சீக்கிரமே நுழைந்து, கொஞ்ச தூரமாவது அதே பாதையில் பயணம் செய்தால்தான் நன்றாகப் படும். 1941-ல் .406 சராசரி (பத்துக்கு நாலு ஹிட்டுக்கும் மேல்) வைத்த அமெரிக்க வீரர் டெட் வில்லியம்ஸ், பந்து இறங்கி வருவதால் ஸ்விங் லேசாக மேல்நோக்கிப் போக வேண்டும் என்று அடித்துச் சொன்னது இந்தக் கணக்கில்தான். பலமும் கையிலிருந்து ஆரம்பிப்பதில்லை. கால், இடுப்பு, தோள், கடைசியில்தான் கை.

சரி, பேட் ஏன் தாமதமாகிறது? பொதுவாக இரண்டில் ஒன்று. ஒன்று, பையன் தாமதமாகக் கிளம்புகிறான். இன்னொன்று, நேரத்துக்குக் கிளம்பியும் பேட் சுற்றி வளைத்து வருகிறது. இது எது என்று தெரியாமல் பயிற்சி கொடுப்பது வீண் வேலை. அடுத்த மேட்சில் பக்கவாட்டிலிருந்து ஃபோனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்கள். பந்து பாதி தூரம் வந்துவிட்ட பிறகும் முன் கால் தரையில் ஊன்றவில்லை என்றால் கோளாறு நேரத்தில். கால் ஊன்றிவிட்டது, ஆனால் கைகள் உடம்பை விட்டு விலகி வெளியே போய், கதவு திறப்பது மாதிரி பேட் பெரிய வட்டம் போடுகிறது என்றால் கோளாறு பாதையில்.

பாதைக் கோளாறுக்கு டீ அருமையான மருந்து, ஆனால் அதை வைக்கிற இடம் முக்கியம். நிறையப் பேர் உடம்புக்கு நேரே நடுவில் வைத்துவிடுகிறார்கள். நடுப்பந்து என்றால் முன் காலுக்கு நேராக வையுங்கள். உடம்பை ஒட்டி வரும் பந்து என்றால் இன்னும் முன்னால், வெளிப்பந்து என்றால் சற்றுப் பின்னால். கைகள் விலகும் பையனுக்கு உள்பந்தில்தான் அதிக வேலை, ஏனென்றால் அங்கே வட்டம் போட்டால் பந்து கைப்பிடி அருகில் பட்டுக் கை அதிரும், யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வான். கூடவே, சின்ன, எடை குறைந்த பேட்டை ஒரு கையில் பிடித்து, கைக்குப் பத்துப் பந்து. அப்புறம், முன் காலை ஊன்றி ஒரு நொடி அப்படியே நின்று பிறகு அடிக்கிற பயிற்சி. அந்த நொடியில் கை முன்னால் ஓடிவிடாமல் பின்னாலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வலையில் பந்து எங்கே படுகிறது என்பதே உங்களுக்கு மதிப்பெண்: டீ உயரத்திலோ சற்று மேலோ நேரே போனால் நல்லது, எப்போதும் உருண்டு ஒரே பக்கம் போனால் மணிக்கட்டு சீக்கிரம் புரள்கிறது.

வேலியிலிருந்து ஒரு பேட் நீளம் தள்ளி நின்று, வேலியில் படாமல் சுற்றச் சொல்லும் பழைய பயிற்சி ஒன்று உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பையன் வேலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒடுக்கக் கற்றுக்கொள்வான், அடிக்கக் கற்றுக்கொள்ள மாட்டான்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் வீட்டுப் பிரச்சினை நேரம் என்றுதான் படுகிறது. டீயில் நூறு அடித்தாலும் இருநூறு அடித்தாலும் அது தீராது, ஏனென்றால் டீயில் இருக்கிற பந்து எங்கும் போவதில்லை. லிட்டில் லீகில் பிட்ச்சர் நிற்பது 46 அடி தூரத்தில். மணிக்கு 50 மைலில் எறிந்தால் பந்து வர ஏறத்தாழ 0.6 விநாடி. அதற்குள் பார்த்து, முடிவு செய்து, சுற்றியாக வேண்டும். எனவே பிட்ச்சரின் கை பின்னால் போகும்போதே பையன் எடையைப் பின்காலுக்கு மாற்றிவிட வேண்டும். இதைப் பழக, பிட்ச்சர்கள் பயிற்சி எடுக்கும்போது கோச்சிடம் கேட்டு, ஹெல்மெட்டோடு அங்கே நிற்கச் சொல்லுங்கள். அடிக்கவே வேண்டாம். காலை எடுத்து வைப்பது வரை செய்து, பந்தை கேட்ச்சர் கையுறை வரை பார்த்தால் போதும். வீட்டில் நீங்கள் ஒரு தடுப்பு வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்னாலிருந்து பிளாஸ்டிக் பந்துகளைக் கையைக் கீழிருந்து வீசி எறியுங்கள். எறிவதில் ஒரே வேகம் கூடாது. ஒன்று வேகம், ஒன்று மெதுவாக, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, அடுத்தது என்ன என்று அவனுக்குத் தெரியவே கூடாது.

முதலில் நிறையத் தவறவிடுவான், பார்க்கச் சங்கடமாக இருக்கும், விட்டுவிடுங்கள். 1994-ல் அமெரிக்கக் கல்லூரி வீரர்களை வைத்து வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஆறு வாரம் ஒரு குழு மூன்று வகைப் பந்துகளை வகைவகையாகப் பிரித்து அடித்தது, இன்னொரு குழு அதே எண்ணிக்கையைக் கலந்து அடித்தது. கலந்து அடித்தவர்கள் சுமார் 57 சதவீதம் முன்னேறினார்கள், பிரித்து அடித்தவர்கள் 25 சதவீதம்தான்.

நூறு பந்து என்ற கணக்கையும் குறைக்கலாம். களைத்த பிறகு அடிக்கிற எழுபதும் கெட்ட பழக்கத்துக்குத்தான் பயிற்சி.

கேள்வி: ஜப்பானில் ஒருவர் வாள் சுற்றிப் பழகியே பெரிய ஹிட்டர் ஆனாராமே, கதையா நிஜமா?

பதில்: நிஜம். யோமியுரி ஜயண்ட்ஸ் அணியின் சடஹாரு ஓ. மேலே கேட்டவரின் மகனைப் போல அவருக்கும் பேட் தாமதமாகும் வியாதிதான். இவர் விஷயத்தில் காரணம், ஸ்விங் ஆரம்பிக்கும் முன் கை தேவையில்லாமல் அசைவது. 1962-ல் கோச் அரகாவா அவரை முன்காலைத் தூக்கி ஒற்றைக் காலில் நிற்கவைத்தார். ஒற்றைக் காலில் நிற்பவன் வீண் அசைவு செய்தால் தடுமாறுவான் இல்லையா. கூரையிலிருந்து தொங்கவிட்ட காகிதத்தை வாளால் வெட்டுவதும் அந்தப் பயிற்சியில் உண்டு. காகிதம் லேசாக ஆடும், வாள் வேகமாகவும் சரியான கோணத்திலும் வந்தால்தான் வெட்டும். அந்த ஆண்டே 38 ஹோம் ரன் (பெரும்பாலும் வேலியைத் தாண்டிப் போகும் அடி). 1980-ல் ஓய்வு பெறும்போது மொத்தம் 868.

கேள்வி: களத்தில் இறங்கும் முன் பேட்டில் கனமான வளையம் மாட்டிச் சுற்றுகிறார்களே, நாங்களும் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கழற்றியதும் பேட் லேசாகத் தோன்றும், அவ்வளவுதான். அளந்து பார்த்த ஆய்வுகளில் அதற்குப் பிந்தைய ஸ்விங்கின் வேகம் குறைந்திருக்கிறது. மேட்சில் பிடிக்கிற அதே பேட்டை நாலைந்து முறை முழு வேகத்தில் சுற்றிவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.