லண்டன் பெண்டுலமும் அம்பாசமுத்திரத்துச் சுவரும்

அண்ணாச்சிக்கு வணக்கம். வீட்டுப் பட்டறையில் பெண்டுலம் கடிகாரம் செய்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் இறங்கினேன். லண்டன்காரர் ஒருவர் தன் வீட்டுக்குச் செய்த கடிகாரத்தின் வரைபடத்தை வைத்து, பித்தளைத் தகட்டில் ஒவ்வொரு பல்லாக அரத்தால் ராவி, ஒன்றரை வருஷத்தில் ஓட வைத்துவிட்டேன். பெண்டுலத்தின் கம்பி, அடியில் தொங்கும் குண்டு எல்லாம் அவர் போட்ட அளவேதான். ஆனாலும் தினம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பிந்துகிறது. அதோடு காலையில், கடிகாரத்தை ஓட்டும் எடையைக் கயிற்றில் மேலே ஏற்றிவிட்டால் ராத்திரி பத்து மணிவாக்கில் பல நாள் நின்றும் போகிறது. சக்கரங்களைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி மெஷினில் வெட்டி வாங்கலாமா?

– அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர்

தம்பி, சக்கரத்தில் கையே வைக்காதீர்கள். பல் சரியில்லாத சக்கரம் கடிகாரத்தை நிறுத்தும், இப்படி தினமும் ஒரே கணக்காகப் பிந்த வைக்காது. நேரம் பெண்டுலத்தின் கையில் இருக்கிறது, சக்கரங்கள் அதன் ஆட்டத்தை எண்ணிக்கொண்டு கூடவே வருகிறவைதான்.

நீங்கள் அளவைப் பிசகாமல் எடுத்ததுதான் வினையாகிவிட்டது. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவில் கயென் என்ற ஊருக்குப் போனார். பாரீஸில் சரியாக ஓடும் பெண்டுலம் கடிகாரம் அங்கே தினம் இரண்டரை நிமிஷம் பிந்துவதைப் பார்த்து, பெண்டுலத்தைக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் குறைக்க வேண்டியதாயிற்று. பூமத்திய ரேகைக்குக் கிட்டே வர வர புவியீர்ப்பு லேசாகக் குறையும், பெண்டுலம் சோம்பலாக ஆடும். கயென் அந்த ரேகையிலிருந்து ஐந்து டிகிரியில் இருக்கிறது, நாம் எட்டே முக்காலில். ஒரு பக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் பெண்டுலத்துக்கு லண்டனில் 99.4 சென்டிமீட்டர் என்றால் நம்ம ஊரில் 99.1. இந்த மூன்று மில்லிமீட்டர்தான் உங்கள் இரண்டு நிமிஷத்தை விழுங்குகிறது.

இதற்காக டேப்பைத் தூக்க வேண்டாம். அந்த நீளம் மேலே பெண்டுலம் தொங்கும் ஸ்பிரிங் வளைகிற இடத்திலிருந்து கணக்கு, கம்பியின் கனமும் அதில் சேரும், டேப்பில் பிடிபடாது. குண்டுக்கு அடியில் இருக்கும் நட்டைத் திருகுங்கள். ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் நாளைக்கு 43 விநாடி கூடும். சாதாரண ஆறு மில்லிமீட்டர் போல்ட் மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர், ஆக மூன்று சுற்று. அப்புறம் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு போனில் நேரம் பாருங்கள். மணிக்கு ஒருதரம் திருகிக்கொண்டிருந்தால் பைத்தியம்தான் பிடிக்கும்.

நின்றுபோவதுதான் சுவாரசியம். பத்து மணிக்கு நிற்கும்போது எடை எங்கே தொங்குகிறது என்று பார்த்தீர்களா? குண்டுக்கு நேராக வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எடை தொங்கும் கயிற்றின் நீளமும் பெண்டுலத்தின் நீளமும் ஒன்றாகிற இடத்தில் எடையும் கூடச் சேர்ந்து ஆட ஆரம்பிக்கும். கடிகாரம் ஸ்டாண்டில் நின்றால் ஸ்டாண்டும் கண்ணுக்குத் தெரியாமல் அசையும், பெண்டுலத்தின் சக்தியெல்லாம் அந்த வழியாக எடைக்குப் போய்விடும். நிற்கிற நேரத்துக்குக் கால் மணி முன்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், எடை தூளியில் கிடக்கிற பிள்ளை மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். சட்டத்தைச் சுவரோடு சேர்த்து போல்ட் போடுவதுதான் வழி. போட்டபின் டிக்குக்கும் டக்குக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நொண்டி நடந்தால், சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுகிற கொக்கியான நங்கூரத்திலிருந்து இறங்கிப் பெண்டுலத்தைப் பிடித்திருக்கும் கம்பியை ஒரு பக்கமாகக் கொஞ்சம் வளையுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கைக்கெட்டியது தேங்காய் எண்ணெய் என்று எல்லா அச்சு முனையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். கார்த்திகை வரைக்கும் ஓடியது. மார்கழி விடியலில் குழாயில் பாட்டுப் போடுகிற நேரத்துக்கு நின்றிருந்தது. போய்ப் பார்த்தால் அச்சு முனையைச் சுற்றி வெள்ளையாக நெய் மாதிரி உறைந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவ இரண்டு நாள் ஆனது. கடிகார எண்ணெய் வாங்கி ஊசிமுனையில் தொட்டு வையுங்கள், சக்கரப் பல்லுக்கு மட்டும் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரும்புக் கம்பி என்பதால் சித்திரை வெயிலில் பத்து டிகிரி ஏறினால் கம்பி நீண்டு நாளைக்கு ஐந்து விநாடி பிந்தும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். மனசு கேட்காவிட்டால் உங்கள் ஊரில் சொப்புச் சாமான் கடைகிறவர்களிடம் நேர் ரேகை ஓடும் நல்ல மரத்தில் ஒரு கோல் கேட்டு வாங்கி வார்னிஷ் அடித்து, கம்பிக்குப் பதிலாகப் போடுங்கள், மரம் சூட்டில் அவ்வளவு நீளாது.

முதலில் சுவரில் துளை போடுங்கள். வீட்டில் அதற்கு அனுமதி வாங்குவது உங்கள் பாடு, எனக்கு ஏழு மாதம் ஆனது.