மேல் வயல் மனையாகும்போது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நஞ்சை நிலங்கள் வீட்டுமனைகளாவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தஞ்சாவூர் மாவட்டத்தில் புறவழிச்சாலை ஓரமாக எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது. நான் கோவையில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு மேற்கே இருந்த வயல்களை மொத்தமாக வாங்கி, மண்ணடித்து, கல் நட்டுவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் சரியாக ஏறுவதில்லை. மழை பெய்தால் வடிவதும் இல்லை. தரகர் வாராவாரம் வீட்டுக்கு வருகிறார். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்கிறார்களே, பிறகு எப்படி மனை போட முடிகிறது? நாங்களும் விற்றுவிட்டால் அது தவறா? அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை, உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்., கோவை

அன்புள்ள தம்பிக்கு,

தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டரை ஏக்கரில் ஒரு குடும்பம் என்ன பாடுபடுகிறது என்று தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. உங்கள் அப்பாவிடம் இருப்பது அதைவிடக் கூடுதல். அப்படியிருந்தும் இந்த நிலை.

மண்டலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020 பிப்ரவரியில் வந்த சட்டம் சில தொழில்களைப் பட்டியல் போட்டுத் தடுக்கிறது: துத்தநாக, தாமிர உருக்காலைகள், இரும்பு ஆலைகள், தோல் பதனிடுதல், புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுப்பது. அது தேவையான சட்டம்தான். 2023இல் டெல்டாப் பகுதியின் மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு நீக்கப்பட்டபோது எல்லோருடைய வாயிலும் இருந்தது இந்தச் சட்டம். ஆனால் வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. மனைக்குத் தனி வழி இருக்கிறது. நகரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே நஞ்சையை மனையாக மாற்றுவதென்றால் நகர் ஊரமைப்பு இயக்ககம் மாவட்ட ஆட்சியரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது விதி. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டே, கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்துவிட்டது.

எனக்கு இதில் பெரிய குறையாகப் படுவது வேறு. கோப்பு சர்வே எண்ணைப் பார்க்கிறது, தண்ணீரைப் பார்ப்பதில்லை. டெல்டாவில் எந்த வயலும் தனியாக இல்லை. ஆற்றிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அப்புறம் மடை. பல இடங்களில் அதற்கும் கீழே வயலுக்கு வயல் பாய்ச்சல்தான். மேல் வயல்காரர் மடையைத் திறந்தால்தான் கீழ் வயல் நனையும். அந்த மேல் வயலைச் சாலை மட்டத்துக்குக் கிராவல் கொட்டி உயர்த்திவிட்டால், மேட்டூர் ஜூன் 12ஆம் தேதியே திறந்தாலும் கீழே இருப்பவருக்கு என்ன பயன்? தண்ணீர் வராதது பாதிக் கதை. ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்து ஊற்றும்போது வயலிலிருந்து வெளியேற வேண்டிய தண்ணீர் வடிகாலைத் தேடும். வடிகாலுக்கு மேலேயே மனைக்காரர் தார்ச்சாலை போட்டிருப்பார், அடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். நட்ட சம்பா நாள்கணக்கில் தண்ணீருக்குள் நின்று அழுகும். ஒரு வருடம் அழுகும், மறு வருடம் அழுகும், மூன்றாம் வருடம் தரகர் வருவார். "சும்மா கிடக்கிற நிலம்தானே சார்" என்பார். சும்மா கிடக்கவில்லை, கிடக்க வைத்துவிட்டார்கள்.

அதனால்தான் நிலத்தை விற்பது அவரவர் சொந்த விஷயம் என்று சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. பட்டா ஒருவர் பெயரில் இருக்கலாம். தண்ணீர் ஓடும் வழி அந்த வாய்க்காலில் பாயும் எல்லோருக்கும் சொந்தம். அதில் பட்டாவே இல்லாத குத்தகைக்காரரும், நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களும் உண்டு. அவர்களிடம் எந்தத் தரகரும் விலை பேசுவதில்லை.

கேரளத்தைப் பாருங்கள். 1970களின் நடுவில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் பரப்பு இரண்டு லட்சம் அளவுக்குச் சுருங்கிய பிறகு, 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகள் கொண்ட உள்ளூர்க் குழு. எது வயல் என்று சொல்லும் பதிவேடு. பிற்பாடு திருத்தங்கள் அதைத் தளர்த்தின, அது வருத்தம்தான். ஆனால் 2020இல் இன்னொன்றும் செய்தார்கள். நெல்வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் அரசே தரத் தொடங்கியது. தொகை மிகச் சிறியது. ஆனால் வயல் நிலத்தடி நீரைக் காக்கிறது, வெள்ளத்தைத் தாங்குகிறது, அதற்கு உழவருக்குச் சம்பளம் உண்டு என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டதை நான் பெரிதாக நினைக்கிறேன். இங்கே ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 கண்டால், குவிண்டால் 2,500 என்ற விலையில் 45,000 ரூபாய். உழவு, நடவு, உரம், அறுவடை போக நிற்பது எவ்வளவு என்று அப்பாவைக் கேளுங்கள். அந்தக் கணக்கு மாறாமல், விற்காதே என்று மட்டும் சொல்லும் எந்தச் சட்டமும் சின்ன விவசாயியின் தலையில்தான் விடியும்.

சரி, இப்போது நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் வயல், மேற்கே உள்ள மனை இரண்டுக்கும் புலப்படமும் (நில அளவை வரைபடம்), எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் 'அ' பதிவேட்டு நகலும் எடுங்கள். மூடிய வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம், மனைக்காரர் கை வைக்க முடியாது. தாசில்தாருக்கும் நீர்வளத் துறைக்கும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பட்டா நிலத்தின் வழியாக ஓடிய வாய்க்கால் என்றாலும் கதை முடியவில்லை. உரிமையோடு 20 வருடம் தடையில்லாமல் தண்ணீர் பாய்ச்சியிருந்தால் பிறர் நிலத்தின் மேல் உள்ள அனுபவ உரிமையைக் காக்கும் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் துணைக்கு வரும். ஒரு வக்கீலைப் பாருங்கள். பழைய பத்திரத்தில் 'நீர்ப்பாய்ச்சல் பாத்தியம் உள்பட' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். உங்களுக்குக் கீழே பாயும் வயல்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் விற்றே ஆக வேண்டும் என்றால், தரகரிடம் பேசும் முன் பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். யாருக்கு விற்றாலும், கீழ் வயல்களுக்குப் போகும் வாய்க்காலையும் வடிகாலையும் அளவோடு பத்திரத்தில் எழுதி, வரைபடத்தையும் இணைத்துவிடுங்கள். முதலில் அப்பாவிடம் பேசுங்கள் தம்பி. அவர் உங்களுக்கு முன்பே இதையெல்லாம் யோசித்திருப்பார்.

அன்புடன்,
அக்கா