தேனாறும் மணிமுத்தாறும் கடலுக்குப் போகின்றனவா?

காரைக்குடிப் பக்கம் ஆறுகள் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கின்றனவே, இவை கடலைச் சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேரும், ஆனால் நல்ல மழை பெய்த ஆண்டில்தான்.

தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு எதற்கும் மேற்குத் தொடர்ச்சி மலைத் தண்ணீர் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆதாரம். அந்த நீரையும் வழியிலுள்ள கண்மாய்கள், அதாவது ஏரிகள், பிடித்துக்கொள்ளும். ஒரு கண்மாய் நிறைந்து, மிகை நீர் வெளியேறும் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்தால்தான் கீழே உள்ள கண்மாய்க்குத் தண்ணீர். அப்படித் தப்பி வருவதே தென்கிழக்காக ஓடி பாக் நீரிணைப் பக்கம் கடலில் சேரும். அதனால் வறண்ட ஆற்றைப் பார்த்து ஆறு செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கருவேல் மண்டிய கால்வாயில் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஏறாது.