ஃபேன்டம் ஸ்கேனில் சிக்னல் 2% இறங்குகிறது: ஸ்கேனர் பழுதா?

எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ) ஸ்கேனரைச் சோதிக்க, ஃபேன்டம் என்ற உருண்டையான சோதனைப் பொருளை வைத்து 200 வால்யூம் (அடுத்தடுத்து எடுக்கும் முழுப் படங்கள்) எடுத்தபோது சிக்னல் 2% இறங்கியது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 2% சரிவை மட்டும் வைத்து ஸ்கேனர் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் சொல்வதுபோல் 200 வால்யூமிலும் சிக்னல் ஒரே சீராக இறங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வெப்பம். கிரேடியன்ட் காயில் (படத்தில் இடத்தைக் குறிக்க காந்தப்புலத்தை மாற்றும் கம்பிச்சுருள்) சூடேறும்போது அருகிலுள்ள, காந்தப்புலத்தைச் சீராக்கும் இரும்பு ஷிம் துண்டுகளும் சூடாகும், காந்தப்புலம் துளி நகரும், ஈபிஐ (அதிவேக எம்ஆர்ஐ முறை) படம் ஃபேஸ் என்கோடிங் திசையில் (புல மாற்றத்தால் படம் எளிதில் நகரும் அச்சில்) மெல்லத் தள்ளிப்போகும்.

கடைசி வால்யூமிலிருந்து முதல் வால்யூமைக் கழித்துப் பாருங்கள். உருண்டையின் ஒரு ஓரத்தில் வெள்ளைப் பிறை, எதிர் ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் படம் நகர்ந்திருக்கிறது. அப்புறம் ஃபேஸ் என்கோடிங் திசையை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பிறைகளும் கூடவே இடம் மாறினால் புல நகர்வுதான். அதே இடத்தில் நின்றால் ஃபேன்டமே அசைகிறது, சுற்றி நன்றாக அணைகொடுங்கள்.

பிறையே இல்லாமல் உருண்டை முழுதும் ஒரே அளவில் மங்கினால் கதை வேறு. ரிசீவர் (சிக்னலை வாங்கும் பகுதி), ஆர்எஃப் (ரேடியோ அலை) பக்கம் பார்க்கச் சொல்லி சர்வீஸ் இன்ஜினியரை அழைப்பதே சரி.

ஒரு எச்சரிக்கை: தண்ணீர் நிரப்பிய ஃபேன்டம் என்றால், வைத்த உடனே ஸ்கேன் செய்யாதீர்கள். உள்ளே சுழல் அடங்கும்வரை எந்த எண்ணையும் நம்ப முடியாது. அகார் ஜெல்லில் இந்தத் தொல்லை இல்லை.

சரிவையும், அந்தச் சரிவுக்குப் பொருத்திய இரண்டாம்படிக் கோட்டை (வளைகோட்டை) கழித்தபின் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தையும் தனித்தனியே குறித்து வையுங்கள். ஏனென்றால் மூளையில் நாம் தேடும் போல்ட் (ரத்த ஆக்சிஜனைப் பொறுத்த சிக்னல்) மாற்றமே சில சதவீதம்தான்.