நகராட்சி நூலகத்தை இடிக்கப் போகிறார்கள்: முதலில் கேட்க வேண்டிய தாள்

கேள்வி: எங்கள் ஊர் நகராட்சி நூலகம் நூறு ஆண்டு தாண்டிய காரைக் கட்டடம். உறுதி போய்விட்டது, இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப் போகிறோம் என்கிறார்கள். தொல்லியல் துறையில் 'பதிவு' செய்துவிட்டால் யாரும் தொட முடியாது என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படிக் காசு கட்டிச் செய்யும் பதிவு எதுவும் இல்லை. நூறு வயது ஆனதாலேயே ஒரு கட்டடத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். சென்னைக்காவது நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த மரபுக் கட்டடப் பட்டியல் இருக்கிறது. உங்கள் ஊருக்கு அதுவும் உதவாது. மாநிலத்துக்கான மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012-ல் இயற்றியது, நடைமுறைக்கு வந்ததோ 2024-ல். இடையில் போன கட்டடங்களுக்கு யார் பதில் சொல்வது?

நீங்கள் கேட்க வேண்டியது உறுதித்தன்மை அறிக்கையை, அதாவது கட்டடம் பலமாக இருக்கிறதா என்று சோதித்து எழுதிய தாளை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அறிக்கையையும் மன்றத் தீர்மானத்தையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அறிக்கையில் 'ரீபவுண்ட் ஹேமர் சோதனை' என்று இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சுத்தியல் கருவியால் தட்டி, அது எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்பதை வைத்துப் பலத்தைக் கணிப்பது அது; சிமென்ட் கான்கிரீட்டுக்கான சோதனை. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவரில் அதைத் தட்டிப் பார்த்து 'பலமில்லை' என்று எழுதுவது பித்தலாட்டம். இப்படிப்பட்ட அறிக்கைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இடிக்க முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதாக எழுதி வாங்குகிறார்கள்.

ஒன்று மட்டும் உண்மை. ஒரு பகுதி விழும் நிலையில் இருந்தால் நகராட்சி அதை அகற்றலாம், அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் அந்தப் பகுதியைத்தான். தாழ்வாரத்தின் தேக்குக் கட்டை உளுத்துப்போனால் கட்டையை மாற்ற வேண்டும். மாடி ஒழுகினால் மேலே பதித்த தட்டோடுகளை மாற்ற வேண்டும். ஒரு மூலை சாய்ந்ததற்காக முழுக் கட்டடத்தையும் இடிக்க அது அனுமதி ஆகாது. இடிப்புக்குத் தடை கேட்டு உயர் நீதிமன்றத்தில் போடும் மனுவில் இதைத் தெளிவாக எழுதுங்கள்.

அப்புறம், தடை வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். உயர் நீதிமன்றம் தடுத்தது, 2010-ல் தீர்ப்பும் காப்பாற்றச் சொன்னது. அதன் பிறகும் அது ஆண்டுக்கணக்கில் பாழடைந்தே கிடந்தது. ஆகவே மனுவில் கூரைப் பழுதையும் உடனே சரிசெய்ய உத்தரவு கேளுங்கள்.

இந்த வாரமே உள்ளும் புறமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பழைய தேக்குக்கு நல்ல விலை உண்டு. முதலில் கதவும் ஜன்னலும்தான் லாரி ஏறும்.